விசிட்டிங் கார்டில் மூன்று வரி: எந்தப் பதிவேட்டை முதலில் பார்ப்பது?

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் பின்னறை. எதிரே இருப்பவர் ஒரு கார்டை நீட்டுகிறார். பெயருக்குக் கீழே மூன்று வரி: "பட்டயப் பொறியியலாளர்", "உற்பத்தித் துறையில் 15 வருட அனுபவம்", "உலகக் காப்புரிமை பெற்ற தேங்காய் துருவும் இயந்திரத்தின் கண்டுபிடிப்பாளர்". இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவர 20 இலட்சம் ரூபாய் போடச் சொல்கிறார். ஆள் நல்லவராகத்தான் தெரிகிறார். ஆனால் முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிற காரியமில்லை இது.

அந்த மூன்று வரிக்கும் சான்று மூன்று வேறு இடங்களில் இருக்கிறது. முதல் வரிக்குத் தொழில் உரிமப் பதிவேடு, இரண்டாவதுக்கு வேலை வரலாற்று ஆவணங்கள், மூன்றாவதுக்கு ஆக்கவுரிமை (பேட்டன்ட்) பதிவு. உரிமப் பதிவேட்டில் கேட்கக்கூடியது, இந்த வேலையைச் செய்ய இவருக்கு இன்றைக்கு அனுமதி இருக்கிறதா என்பதை மட்டும். வேலை ஆவணம் எங்கே, எப்போதிலிருந்து எப்போது வரை இருந்தார் என்று காட்டும். ஆக்கவுரிமைப் பதிவில் எதை, எந்தத் திகதியில், யார் பெயரில் உரிமை கோரினார்கள் என்று பார்க்கலாம். காசு போவது பெரும்பாலும் ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலை இன்னொரு கேள்விக்கும் போட்டுக்கொள்வதால்தான். "ஆள் பதிவு செய்த இஞ்சினியர்தானே, அப்படியென்றால் பேட்டன்ட்டும் உண்மையாகத்தான் இருக்கும்" என்ற நினைப்பில் எத்தனையோ பேர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்.

எங்கள் தீர்ப்பை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். உயிர், காணி, கணக்கு இந்த மூன்றில் ஒன்றை ஒருவர் கையில் கொடுப்பதென்றால் உரிமப் பதிவேடுதான் முதலில். அங்கே பெயர் இல்லையென்றால் மற்ற இரண்டையும் தேட வேண்டிய தேவையே இல்லை. ஓர் இயந்திரத்திலோ சூத்திரத்திலோ காசு போடுவதென்றால் ஆக்கவுரிமை முதலில். ஆளை வேலைக்கு எடுப்பதென்றால் வேலை வரலாறு முதலில். அதில்தான் நேரமும் பொறுமையும் அதிகம் செலவாகும்.

உரிமப் பதிவேடு: வேகமானது, ஆனால் குறுகியது

இங்கே முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது சட்டப் பதிவையும் சங்க உறுப்புரிமையையும். இரண்டுக்கும் சான்றிதழ் பிரேம் போட்டுச் சுவரில்தான் தொங்கும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

பொறியியலாளரை எடுத்துக்கொள்வோம். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 1906இல் தொடங்கிய பழைய அமைப்பு. அதில் உறுப்பினராக இருப்பது ஒரு தகைமை. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த இலங்கைப் பொறியியல் பேரவையில் பதிந்திருப்பது வேறொன்று. தொழில் செய்வதற்கான சட்டப் பதிவு அதுதான். பேரவையில் பட்டயப் பொறியியலாளர், இணைப் பொறியியலாளர் எனப் பல வகுப்புகள் உண்டு. ஆகவே "பதிந்திருக்கிறாரா" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். "எந்த வகுப்பில்" என்பதுதான் மீதிப் பாதி. பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளிலும் இதே சிக்கல் இருக்கிறது. எம்.ஐ.ஈ. என்றிருந்தால் பட்டயத் தகுதி. முன்னால் ஓர் 'ஏ' சேர்ந்து ஏ.எம்.ஐ.ஈ. என்றிருந்தால் அவர் இணை உறுப்பினர், பட்டயத்துக்கு இன்னும் வரவில்லை. அந்த ஓர் எழுத்தைப் பார்க்காமல் "சார்ட்டட் இஞ்சினியர்" என்று நாமே அறிமுகப்படுத்திவிடுகிறோம்.

மருத்துவர்களுக்கு கொழும்பு 10, நொரிஸ் கனல் வீதியிலுள்ள இலங்கை மருத்துவ சபை. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மருத்துவர், பல் மருத்துவர், மருந்தாளர், மருத்துவிச்சி எனத் தனித்தனிப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. சபையின் இணையத்தளத்தில் பதிவிலக்கத்தை வைத்துத் தேடலாம். அந்த இலக்கத்துக்கு எங்கும் அலைய வேண்டாம். மருந்துச் சிட்டையின் அடியில் அடிக்கும் இறப்பர் முத்திரையில் பெயர், பட்டம், சபைப் பதிவிலக்கம் மூன்றும் இருக்கும். முத்திரையில் இலக்கம் இல்லாத சிட்டை உங்களுக்கு வந்தால் கேட்கத் தயங்க வேண்டாம். தேடலில் பெயர் வந்ததும் கவனிக்க வேண்டியது அது முழுப் பதிவா, உள்ளகப் பயிற்சிக் காலத்துக்கான தற்காலிகப் பதிவா என்பது.

"நிபுணர்" என்ற சொல்லில்தான் மேலும் கவனம் வேண்டும். எம்.டி. என்ற பட்டப்பின் பரீட்சையில் சித்தியடைந்தவர் எல்லோரும் விசேட நிபுணர் ஆகிவிடுவதில்லை. அதற்குப் பிறகு பயிற்சிக் காலம் இருக்கிறது. அதையும் முடித்துப் பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவகத்தின் நிபுணத்துவச் சான்று பெற்ற பின்னரே அந்தப் பெயர். ஆயுர்வேத, சித்த, யுனானி வைத்தியர்களின் பெயர் மருத்துவ சபையில் இல்லாதது குறையல்ல. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் அவர்களுக்குத் தனிச் சபையும் பதிவேடும் உண்டு. தேட வேண்டிய இடம் மாறிப்போய் ஒரு நல்ல சித்த வைத்தியரைப் போலி என்று சொல்லிவிடக் கூடாது.

காணி வாங்குகிறவர்களுக்கு இரண்டு ஆட்கள் முக்கியம்: காணி உறுதி எழுதும் நொத்தாரிசும் நில அளவையாளரும். சட்டத்தரணியாக இருப்பது ஒன்று. அவர்களுடைய பெயர்ப் பட்டியல் புதுக்கடையில் உயர் நீதிமன்றப் பதிவகத்தில் இருக்கிறது. நொத்தாரிசாக இருப்பதற்கு அதற்கு மேல் தனி அதிகாரப் பத்திரம் வேண்டும். எந்தப் பிரதேசத்தில், எந்த மொழியில் உறுதி எழுதலாம் என்று அந்தப் பத்திரத்திலேயே குறித்திருப்பார்கள். வருடா வருடம் சான்றிதழும் எடுக்க வேண்டும். தமிழில் உறுதி எழுத விரும்புகிறவர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "உங்கள் அதிகாரப் பத்திரத்தில் தமிழ் இருக்கிறதா?" சரளமாகத் தமிழ் பேசுகிறவர் என்பதால் தமிழில் உறுதி எழுத அதிகாரம் உண்டென்று எண்ணிவிடுவது சாதாரணமாக நடக்கும் பிழை. நில அளவையாளருக்கு 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டமும் நில அளவைப் பேரவையும். வரைபடத்தில் கையெழுத்திட்ட திகதியையும் அவருடைய அந்த வருடத்து அனுமதிப்பத்திரத்தையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். பத்து வருடத்துக்கு முன் எடுத்த தகைமைச் சான்றிதழின் பிரதியைக் காட்டினால் அது இந்த வருடத்துக்குப் பதிலாகாது.

கட்டடக் கொந்தராத்துக்காரரை நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் பார்க்கலாம். சி1 முதல் சி9 வரையான தரங்களில் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பெறுமதியான வேலை எடுக்கலாம் என்ற எல்லை இருக்கிறது; சி9தான் அடிமட்டத் தரம். கணக்காய்வாளர் விடயத்தில் பட்டயக் கணக்காளர் நிறுவக உறுப்புரிமையோடு, வெளியில் தொழில் செய்வதற்கான சான்றிதழ் உண்டா என்றும் கேளுங்கள். மின், குழாய், வெல்டிங் வேலைக்காரரிடம் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருந்தால் நாரஹேன்பிட்டியிலுள்ள மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு மூலம் சரிபார்க்க முடியும்.

வெளிநாட்டு வேலை முகவர் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் சனத்தின் காசு அதிகம் போவது இந்த வழியில். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பட்டியலில் முகவரின் அனுமதிப்பத்திரம் இருப்பது முதல் படி மட்டுமே. அவர் சொல்லும் அந்தக் குறிப்பிட்ட நாட்டில், அந்தக் குறிப்பிட்ட வேலைக்குப் பணியகம் அனுமதி கொடுத்திருக்கிறதா என்பது இரண்டாவது படி. 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். கடவுச்சீட்டைக் கொடுப்பதற்கு முன்னர் கேளுங்கள்.

பெயரில் வழுக்கும் இடம்

எந்தப் பதிவேட்டிலும் தமிழ்ப் பெயர் ஒரே மாதிரி கிடைக்காது. சிவகுமார் என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறோம். கார்டில் ஓர் இனிஷியல், பதிவேட்டில் தகப்பனாரின் முழுப்பெயர். பதிவேட்டில் பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி இருக்க, கார்டில் கணவரின் பெயர். வெளிநாட்டுத் தரவுத்தளங்களில் இன்னொரு தொல்லை: தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி முன்னுக்கு வந்துவிடும், ஆளின் சொந்தப் பெயர் பின்னுக்குப் போய்விடும்.

அதனால் பெயரால் தேடுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆளிடமே பதிவிலக்கத்தைக் கேட்டு வாங்கி, இலக்கத்தால் தேடுங்கள். அப்போதும் வேலை முடிந்துவிடவில்லை. அந்த இலக்கத்துக்குரிய ஆள் உங்கள் முன்னால் இருப்பவர்தானா என்பதை அடையாள அட்டையோடு ஒப்பிட வேண்டும், ஏனென்றால் உண்மையான ஒருவரின் இலக்கத்தை வேறொருவர் காட்டுவதும் நடக்கக்கூடியது. பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு எண் பிறந்த வருடம். அடுத்த மூன்று எண் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 23 வயதில் பட்டம் பெற்றதாகச் சொல்லுகிற ஆண்டு அந்த எண்களோடு ஒத்துவருகிறதா என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

ஆக்கவுரிமை: இலவசம், ஆனால் வாசிக்கத் தெரிய வேண்டும்

"காப்புரிமை" என்ற சொல்லிலிருந்தே குழப்பம் ஆரம்பிக்கிறது. பத்திரிகைகளில் அது பேட்டன்ட்டுக்கும் வரும், புத்தகத்துக்கும் பாட்டுக்கும் உள்ள பதிப்புரிமைக்கும் வரும். பதிப்புரிமைக்குப் பதிவே தேவையில்லை. பேட்டன்ட் என்ற ஆக்கவுரிமையோ விண்ணப்பித்து, பரிசீலித்துப் பெறுவது. கார்டில் "காப்புரிமை" என்றிருந்தால் எதைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

கோப்பைத் திறந்து காட்டும்போது உள்ளே வேறு கடதாசிகள் இருப்பது அடிக்கடி நடக்கும். பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவு இருக்கும். கண்காட்சியில் கிடைத்த பதக்கமும் பாராட்டுப் பத்திரமும் இருக்கும். புத்தாக்குநர் ஆணைக்குழுவின் ஊக்குவிப்பு மதிப்புக்குரியதுதான், ஆனால் அது ஆக்கவுரிமையாகாது. கைத்தொழில் வடிவப் பதிவு இன்னும் ஏமாற்றக்கூடியது, ஏனென்றால் அதையும் கொடுப்பது அதே தேசிய புலமைச் சொத்து அலுவலகம்தான். வடிவப் பதிவு பொருளின் வெளித்தோற்றத்தை மட்டும் காக்கும். 5 வருடம், புதுப்பித்தால் மொத்தம் 15. ஆக்கவுரிமை காப்பது அது வேலை செய்யும் முறையை. விண்ணப்பத் திகதியிலிருந்து 20 வருடம். துருவியின் உடம்பு வளைவாக அழகாக இருப்பதற்கு வடிவப் பதிவு வைத்திருப்பவர், அதே பொறிமுறையைச் சதுரப் பெட்டிக்குள் வைத்து விற்கும் இன்னொருவரைத் தடுக்க முடியாது.

அடுத்தது "உலகக் காப்புரிமை". அப்படியொன்று உலகத்தில் இல்லை. ஆக்கவுரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை என்ற ஏற்பாட்டில் இலங்கை 1982 முதல் இருக்கிறது. அதன் கீழ் ஒரே விண்ணப்பத்தைப் போட்டுப் பல நாடுகளில் இடம் பிடித்துவைக்கலாம். முன்னுரிமைத் திகதியிலிருந்து (முதன்முதலில் விண்ணப்பித்த திகதி) 18 மாதத்தில் அந்த விண்ணப்பம் 'டபிள்யூ.ஓ.' என்று தொடங்கும் இலக்கத்தோடு வெளியாகும். அந்தப் பக்கத்தைத்தான் "உலகப் பேட்டன்ட்" என்று காட்டுகிறார்கள். உள்ளபடி அது வெறும் விண்ணப்பம். 30 மாதத்துக்குள் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகக் கட்டணம் கட்டி உள்ளே போக வேண்டும். பெரும்பாலான நாடுகளில் வைத்திருக்கும் கெடு அது. போகாத நாட்டில் எதுவும் கிடைக்காது. ஆகவே அந்தப் பக்கத்திலுள்ள முன்னுரிமைத் திகதியோடு 30 மாதத்தைக் கூட்டிப் பாருங்கள். கெடு கடந்திருந்தால் அடுத்த கேள்வி: "எந்தெந்த நாட்டில் உள்ளே போனீர்கள்? இலக்கங்களைத் தாருங்கள்."

முதல் பக்கத்தை எப்படி வாசிப்பது? விவரங்களுக்கு முன்னால் அடைப்புக்குள் சிறிய எண்கள் இருக்கும். எந்த நாட்டு ஆவணமாக இருந்தாலும், மொழி சீனமாக இருந்தாலும், அந்த எண்கள் மாறாது. 22 என்றால் விண்ணப்பத் திகதி. 30 முன்னுரிமை விவரம். 54 தலைப்பு. 57 சுருக்கம். 71 விண்ணப்பதாரர், 72 கண்டுபிடிப்பாளர், 73 உரிமையாளர். ஆவண இலக்கத்தின் கடைசியிலுள்ள எழுத்தும் பேசும். அமெரிக்க ஆவணத்தில் ஏ1 என்றால் வெளியான விண்ணப்பம். பி1 அல்லது பி2 என்றால்தான் வழங்கப்பட்ட ஆக்கவுரிமை.

72க்கும் 73க்கும் உள்ள தூரம்தான் முதலீட்டாளரின் காசு விழுகிற குழி. கண்டுபிடித்தவர் அவர்தான், சந்தேகமில்லை. ஆனால் 73இல் இருப்பது அவருடைய பழைய கம்பனியின் பெயர். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாதபோது, வேலையின் பகுதியாகச் செய்த கண்டுபிடிப்பின் உரிமை வேலை கொடுத்தவருக்கே சேரும். கார்டு தந்தவர் 15 வருட அனுபவம் என்று பெருமையோடு சொல்லும் அந்தக் காலத்துக்குள்ளேயே விண்ணப்பத் திகதி விழுகிறதா என்று பாருங்கள். வேலை வரலாறும் ஆக்கவுரிமையும் ஒன்றையொன்று தொடுகிற இடம் இது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்த விடயமே கண்ணில் படும். கம்பனி எழுதிக்கொடுத்துவிட்டது என்றால் அந்தக் கையளிப்பு எழுத்தில் இருக்க வேண்டும், பதிவேட்டிலும் ஏறியிருக்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது.

பிறகு உரிமைக்கோரிக்கைகள், அதாவது எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் வரிகள். சுருக்கத்தை வாசித்துவிட்டு மூடிவைக்க வேண்டாம். சட்ட வலு முழுவதும் பின்பக்கத்தில் எண் போட்டு வரும் கோரிக்கைகளில்தான் இருக்கிறது. உதாரணமாக முதல் கோரிக்கை இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: "ஒரு மோட்டார், அதோடு பற்சக்கரத்தால் இணைந்த அரைக்கோளத் துருவு தலை, சிரட்டையைப் பிடிக்கும் ஸ்பிரிங் கிண்ணம், துருவு தலை சிரட்டையைத் தொட்டதும் வேகத்தைக் குறைக்கும் சுற்று, அடியில் கழற்றக்கூடிய தட்டு ஆகியவற்றைக் கொண்ட இயந்திரம்." ஐந்து பகுதிகள். இன்னொருவர் மோட்டார், துருவு தலை, கிண்ணம், தட்டு நாலையும் அப்படியே செய்து, வேகம் குறைக்கும் சுற்றை மட்டும் விட்டுவிட்டால் பொதுவாக அந்தக் கோரிக்கைக்குள் அவர் மாட்டமாட்டார். பட்டியல் நீள நீள வேலி குறுகும். நாலு வரியில் முடியும் முதல் கோரிக்கை, ஒரு பக்கம் நீளும் முதல் கோரிக்கையைவிட வழக்கமாக அகலமான காவல். ஆனால் அகலமானது பரிசீலனையில் நிற்பது கடினம்.

நிற்குமா என்பதற்குக் கையோடு ஒரு தடயம் இருக்கிறது. சர்வதேச விண்ணப்பத்தோடு தேடல் அறிக்கை ஒன்று வரும். அதில் ஏற்கெனவே வெளியான ஆவணங்களுக்கு முன்னால் எக்ஸ், வை, ஏ என்று எழுத்து போட்டிருப்பார்கள். எக்ஸ் என்றால் அந்த ஓர் ஆவணமே தனியாக நின்று கோரிக்கையின் புதுமையை அல்லது கண்டுபிடிப்புத் தன்மையைக் கேள்விக்குள்ளாக்குகிறது. வை என்றால் வேறொன்றோடு சேர்ந்து. ஏ வெறும் பின்னணி. முதல் கோரிக்கைக்கு எதிரே இரண்டு மூன்று எக்ஸ் இருந்தால், அந்த விண்ணப்பம் இப்போதுள்ள வடிவில் எங்கேயும் தேறுவது சந்தேகம். இதை அறிய வழக்கறிஞர் தேவையில்லை. அறிக்கையை எடுத்துப் பார்த்தால் போதும்.

எங்கே எடுப்பது? உலகப் புலமைச் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ் மூன்றும் இலவசம். விண்ணப்பத்தின் முழுக் கோப்பும் தேடல் அறிக்கையும் வேண்டுமென்றால் பேட்டன்ட்ஸ்கோப். ஒரே கண்டுபிடிப்பு எத்தனை நாட்டில் ஓடுகிறது என்ற "குடும்பம்" வேண்டுமென்றால் எஸ்பாஸ்நெட். "பத்துப் பேட்டன்ட் வைத்திருக்கிறேன்" என்பவரின் பத்தும் ஒரே குடும்பத்தின் பத்து நாட்டுப் பிள்ளைகளாக இருக்கலாம். அது பொய்யாகாது, ஆனால் பத்துக் கண்டுபிடிப்பும் ஆகாது. கூகுள் பேட்டன்ட்ஸ் வாசிக்க வசதியானது. அதில் "உயிரோடு இருக்கிறது" என்று காட்டும் சட்ட நிலையை மட்டும் முடிவாக எடுக்க வேண்டாம், அந்தந்த நாட்டு அலுவலகப் பதிவில் பாருங்கள். அமெரிக்காவில் வழங்கி மூன்றரை, ஏழரை, பதினொன்றரை வருடங்களில் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் உரிமை முடிந்துபோகும், சுவரில் தொங்கும் சான்றிதழ் மட்டும் அப்படியே இருக்கும்.

இலங்கை ஆக்கவுரிமைக்கு நேரே போவதுதான் உறுதி. தேசிய புலமைச் சொத்து அலுவலகம் கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்தன மாவத்தை, 400ஆம் இலக்க சமாகம் மெதுரவில் இருக்கிறது. மருதானைப் புகையிரத நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். கட்டணம் கட்டி யாரும் பதிவேட்டைப் பார்க்கலாம், சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். கையில் இலக்கம், விண்ணப்பத் திகதி, உரிமையாளர் பெயர் மூன்றும் இருந்தால் வேலை சுருக்கமாக முடியும். கேட்க வேண்டியது இரண்டு: இன்று உரிமையாளர் யார், புதுப்பித்தல் கட்டணம் எதுவரை கட்டியிருக்கிறது. கம்பனிப் பதிவாளர் திணைக்களமும் அதே கட்டடத்தில்தான். ஒரு பயணத்தில் இரண்டு வேலை.

ஓர் எல்லையை மறக்கக் கூடாது. ஆக்கவுரிமை எந்த நாட்டில் எடுத்ததோ அந்த நாட்டில்தான் செல்லும். அமெரிக்க உரிமையை வைத்து கொழும்பு கிராண்ட்பாஸில் அதே இயந்திரத்தைச் செய்கிறவரைத் தடுக்க முடியாது. கண்காட்சியில் காட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பித்த கதையாக இருந்தால் இன்னும் கவனம். இலங்கைச் சட்டம் தானே வெளிப்படுத்தியதற்கு ஒரு வருட அவகாசம் தருகிறது. ஐரோப்பாவில் அந்தத் தாராளம் கிடையாது. முதலில் மேடையில் காட்டியவர் ஐரோப்பியச் சந்தையைப் பற்றிப் பேசினால் திகதிகளை வரிசைப்படுத்திக் கேளுங்கள்.

வேலை வரலாறு: மெதுவானது, சம்மதம் வேண்டியது

இணையத்தில் தானே எழுதிய சுயவிவரம் ஓர் அறிமுகம், அதற்கு மேல் மதிப்பில்லை. சேவைச் சான்றிதழ் அதைவிட மேல். ஆனால் அதிலுள்ள தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்காதீர்கள். கம்பனியின் பொது இலக்கத்தை வேறு வழியில் எடுத்து, மனிதவளப் பிரிவைக் கேளுங்கள்.

எங்கள் கணிப்பில் உள்ளூர் வேலைக்கு மிக உறுதியான சான்று ஊழியர் சேமலாப நிதிக் கூற்று. ஊழியர் 8 சதவீதம், வேலை கொடுப்பவர் 12 சதவீதம் என்று கட்டிய பங்களிப்பு அதில் காலத்தோடு இருக்கும். பதவிப் பெயரை அது சொல்லாது. ஆனால் எந்த நிறுவனம், எந்தக் காலம் என்பதைப் பின்னால் மாற்றி எழுத முடியாது. இதை நீங்கள் நேரே எடுக்க முடியாது, உரியவரே எடுத்துத் தர வேண்டும். சம்பள விவரம் வெளித்தெரியும் என்று அவர் தயங்கினால் அது நியாயமான தயக்கம்தான். தொகையை மறைத்துவிட்டுக் காலத்தை மட்டும் காட்டச் சொல்லலாம். வெளிநாட்டில் வேலை செய்த வருடங்களும், ஒப்பந்த அடிப்படையில் செய்ததும், பங்களிப்பே கட்டாத முதலாளியிடம் செய்ததும் அதில் வராது. கூற்றில் இடைவெளி இருந்தால் உடனே பொய் என்று முடிவு கட்ட வேண்டாம்; மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டைக் கடைகளில் வருடக்கணக்காக உழைத்த எத்தனையோ பேருக்கு ஒரு சதம்கூடக் கட்டப்படவில்லை.

"பணிப்பாளராக இருந்தேன்" என்றால் கதை இலகு. கம்பனிப் பதிவாளரிடம் வருடாந்த அறிக்கையான 15ஆம் படிவத்திலும், பணிப்பாளர் மாற்றத்துக்கான 20ஆம் படிவத்திலும் பெயரும் திகதியும் இருக்கும். பட்டத்துக்குப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு, உரியவரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு கடிதம் அனுப்ப வேண்டும். சம்மதம் இல்லாமல் அனுப்பினால் பதில் வராமல் போவதற்கே வாய்ப்பு அதிகம்.

அரச அமைப்பொன்று பதிலே தரவில்லையென்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம். கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள்: "இந்த இலக்கத்தில் பதிவு உள்ளதா, எந்த வகுப்பில், எந்தத் திகதி வரை." ஒருவரின் முழுக் கோப்பையும் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள், அந்த மறுப்பு சட்டப்படி சரியாகவும் இருக்கும்.

அந்தக் கார்டுக்குத் திரும்பினால்

20 இலட்சத்தைக் கேட்ட மனிதரிடம் எங்கள் வரிசை இப்படி: முதலில் ஆக்கவுரிமை இலக்கம் கேட்பது. அன்றிரவே வீட்டிலிருந்து 72, 73, திகதி, கடைசி எழுத்து, தேடல் அறிக்கை ஐந்தையும் பார்த்துவிடலாம். இலக்கமே தர மறுத்தால் அங்கேயே நிறுத்தலாம். வெளியான ஆவணத்தில் இரகசியம் எதுவும் இல்லை. "இன்னும் வெளியாகவில்லை, இப்போதுதான் விண்ணப்பித்தேன்" என்றால் அது நம்பக்கூடியது, அப்போது விண்ணப்பப் பற்றுச்சீட்டையும் திகதியையும் கேளுங்கள். அடுத்து 73இல் வேறு பெயர் இருந்தால் வேலை வரலாற்றுக்குப் போக வேண்டும். பொறியியல் பேரவைப் பதிவை இந்த முதலீட்டில் கடைசியாகப் பார்த்தால் போதும். அவர் பட்டயப் பொறியியலாளர் இல்லாவிட்டாலும் இயந்திரம் நல்லதாக இருக்கலாம். ஆனால் அந்த வரி பொய் என்று தெரிந்தால், மற்ற இரண்டு வரிகளின் மேல் நீங்கள் வைக்க நினைத்த நம்பிக்கையையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதே ஆள் உங்கள் மூன்று மாடி வீட்டுக்கு அமைப்புக் கணக்குப் போடப்போகிறார் என்றால் வரிசை தலைகீழ்: பேரவைப் பதிவு முதலில், ஆக்கவுரிமை பார்க்கவே தேவையில்லை.

பதிவேட்டில் பெயர் கிடைக்கவில்லையென்றால் பொலிசுக்கோ முகநூலுக்கோ ஓடுவதற்கு முன்னர் ஆளிடமே கேளுங்கள். பெயர் எழுத்து மாறியிருக்கலாம், புதுப்பித்தல் நிலுவையில் இருக்கலாம், நீங்கள் வேறு பதிவேட்டைத் திறந்திருக்கலாம். அவர் சொல்லும் விளக்கத்தை அந்த அலுவலகத்துக்கே தொலைபேசி எடுத்துச் சரிபாருங்கள். பிறகு தேடல் பக்கத்தை அச்செடுத்து, மேலே திகதியையும் நேரத்தையும் எழுதி, ஒப்பந்தத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள். பதிவேடு நாளைக்கு மாறும். கையெழுத்து வைத்த அன்று அதில் என்ன இருந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கப்போவது அந்தக் கடதாசி மட்டும்தான்.